மே மாதத்துச் சுவெட்டர்

பம்பாயில் மே மாதத்தில், கையில் சுவெட்டரோடு வேலைக்குப் போன பெண்ணை உங்களில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். என் அக்காதான் அவள்.

அறுபதுகளில் அங்கே வளர்ந்த நம் வயதுக்காரர்களுக்கு அந்த மே மாதங்களைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. சுனாபட்டியில் எங்கள் சாலில், அந்த வரிசை வீடுகளில், எல்லோரும் கதவைத் திறந்துபோட்டு, தரையில் தண்ணீர் தெளித்து, அதன்மேல் பாயை விரித்துப் புரண்டுகொண்டிருப்பார்கள். மில் சங்கு ஊதினால்கூட எழுந்திருக்க மனம் வராது. அந்த வேக்காட்டில் என் அக்கா நாவல்பழ நிறத்துக் கம்பளிச் சுவெட்டரை மடித்து டிபன் டப்பாவின் மேல் வைத்துக்கொண்டு ரயிலைப் பிடிக்கப் போவாள். கீழ்வீட்டு மராத்திக்காரர் பல் விளக்கிக்கொண்டே, "க்யா பேட்டி, காஷ்மீர் ஜா ரஹி ஹை க்யா?" என்பார், காஷ்மீருக்கா போகிறாய் என்று. சாலே சிரிக்கும். சிரிக்காதவள் நான் ஒருத்திதான். எனக்கு வயிறு எரிந்துகொண்டிருக்கும்.

பொறாமையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிக்க வேண்டாம். அக்கா என்னைவிட எட்டு வயது பெரியவள். மீன் குழம்பில் நடுத்துண்டு அவளுக்கு, வால் எனக்கு. கேட்டால், அவள் படிக்கிற பிள்ளையாம். நானும்தான் படித்தேன், ஆனால் ஐந்தாம் வகுப்புப் படிப்பு நடுத்துண்டுக்குப் போதாது. ஜன்னலோரம் அவளுக்கு. மேஜை அவளுக்கு. அம்மா அவளை "எம்மா" என்று கூப்பிடுவாள், என்னை "ஏட்டி". எங்கள் வீட்டில் திருநெல்வேலிப் பேச்சு, அதில் இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் நெல்லைக்கும் பம்பாய்க்கும் உள்ள தூரம். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அம்மா, "அதுக்குக் கொள்ளிக்கண்ணு, விடுங்க" என்று அப்பாவிடம் சொல்வாள். சாலில் உள்ள பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர் தெரிந்திருந்தது.

அந்த வருஷம் அக்கா இன்டர் சயின்ஸ் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தாள். சும்மா இருப்பானேன் என்று, எங்கள் சபையில் பாட்டுக் குழுவில் பாடும் ஒரு பெண்மணி அவளைத் தன் ஆபீசில் தற்காலிக வேலைக்குச் சேர்த்துவிட்டாள். பல்லார்ட் எஸ்டேட்டில் பெரிய கம்பெனி. வேலை, கார்டு குத்துவது. பார்ப்பதற்கு டைப் அடிப்பது போலத்தான், ஆனால் எழுத்து விழாது, ஓட்டை விழும். அந்தக் கார்டுகளைப் பக்கத்து அறையில் கண்ணாடிக்கு அப்பால் இருந்த கம்ப்யூட்டர் தின்னும். அந்த மெஷினுக்குச் சூடு ஆகாது என்பதால் மாடி முழுவதும் ஏர்கண்டிஷன். முதல் வாரமே அக்காவுக்கு ஜலதோஷம் பிடித்துக்கொண்டது.

அம்மா நர்ஸ். சயான் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. ஒரு மேட்ரன் வேலையை விட்டுச் சீமைக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன கம்பளி நூல் வருஷக்கணக்காகப் பெட்டியில் கிடந்தது. அம்மா அதை எடுத்துச் சுவெட்டர் பின்னினாள். கருப்புப் பொத்தான்களில் ஒன்று குறைந்தது. தன் பழைய யூனிபார்மிலிருந்து ஒரு வெள்ளைப் பொத்தானைப் பிய்த்துக் கழுத்தடியில் வைத்துத் தைத்துவிட்டாள். கழுத்தடியில் ஒற்றை வெள்ளைப் பொத்தான், அதற்குக் கீழே எல்லாம் கருப்பு. பம்பாய் முழுக்கத் தேடினாலும் அப்படி இன்னொரு சுவெட்டர் கிடைக்காது.

சாயங்காலம் அக்கா திரும்பி வரும்போது நான் வாசலில் நிற்பேன். அவளுக்காக இல்லை, சுவெட்டருக்காக. அதை வாங்கி முகத்தில் வைத்தால் ஒரு வாசனை வரும். குளிர்ந்த இரும்பும் புதுக் காகிதமும் கலந்த வாசனை. ரயில் கூட்டத்தில் கசங்கி வந்த பிறகும் மடிப்புக்குள்ளே கொஞ்சம் குளிர் மிச்சம் இருப்பதாக எனக்குத் தோன்றும். நான் போட்டுப் பார்க்கக் கேட்டால், "அழுக்காக்கிருவே" என்று பிடுங்கிக்கொள்வாள்.

எனக்கென்று அவள் கொண்டு வந்தது கார்டுப் பொட்டுகள். ஓட்டை விழும்போது கீழே சேரும் துண்டுகள், எள்ளைவிடக் கொஞ்சம் பெரியவை, வெளிர் மஞ்சள், ரோஸ், நீலம் என்று பல நிறம். ஒரு பழைய தேயிலை டப்பா நிறைய வைத்திருந்தேன். கைவிட்டு அளைந்தால் விரல் நுனியில் சுருக் சுருக்கென்று குத்தும். மழைக்காலம் வந்ததும் அவை ஊறிப் பிசினாகிப் போயின. அந்த டப்பா எங்கே போனது என்று இன்றுவரை தெரியவில்லை.

மோரியில் பாத்திரம் கழுவும்போது அக்கா மெஷின் கதை சொல்வாள். அவள் அப்படி வாய் ஓயாமல் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"ஒரு கார்டு தப்பாப் போச்சுன்னா அது கத்தாதுட்டி. அப்படியே நின்னுக்கிடும். எங்க தப்புன்னு நாமதான் தேடணும். கண்டுபிடிச்சுச் சரி பண்ணினா மறுபடியும் ஓடும். யாருக்கும் ஒண்ணும் ஆகாது, கேட்டியா?"

யாருக்கும் ஒன்றும் ஆகாது என்பதை அவள் ஏன் அவ்வளவு ஆசையாகச் சொன்னாள் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. ஆனால் ஒன்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் சாலில் உள்ளவர்கள் அம்மாவிடம் ஊசி போட்டுக்கொள்ள வருவார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை அவர்களே வாங்கி வருவார்கள், அம்மா எங்கள் அடுக்களையில் வைத்துப் போட்டு விடுவாள். சிரிஞ்சைக் கொதிக்க வைத்து எடுத்துக் கொடுப்பது அக்கா. ஊசி உள்ளே ஏறும் நேரத்தில் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு உதட்டை உள்ளே இழுத்துக்கொள்வாள். ஊசி போட்டுக்கொள்கிறவர்களே சும்மா இருப்பார்கள். அம்மாவுக்கு முதுகுப்புறம் என்பதால் தெரியாது. அரிசி டின் மேல் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும். பொறாமைக்காரியைப் போல ஒருத்தியை உன்னிப்பாகப் பார்க்கிறவர்கள் வேறு யாரும் கிடையாது.

ரிசல்ட் வந்தது. அக்கா முதல் வகுப்பு. அந்த மார்க்குக்கு மெடிக்கல் சீட் நிச்சயம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். அம்மா பேட்டைக்கே பேடா கொடுத்தாள். அதே வாரம் அந்தக் கம்பெனியில் ஆட்களுக்கு ஏதோ டெஸ்ட் வைத்தார்கள். கணக்கும் புதிரும் கலந்த டெஸ்ட். கார்டு குத்தும் பெண்களும் வேண்டுமானால் எழுதலாம் என்றார்கள். அக்கா எழுதினாள். பட்டதாரி ஆண்களையெல்லாம் தாண்டி முதலாவதாக வந்தாள். பெரிய அதிகாரி அவளைக் கூப்பிட்டு, மெஷினுக்கு ப்ரோக்ராம் எழுதக் கற்றுக்கொடுக்கிறோம், டிகிரியைச் சாயங்காலக் காலேஜில் முடித்துக்கொள், வேலை பர்மனென்ட் என்று சொன்னாராம். யோசிக்கக் கொஞ்ச நாள் கொடுத்தார். அந்தச் சனிக்கிழமை எங்கள் அத்தை மகளுக்குக் கல்யாணம். கல்யாணம் முடிந்த திங்கள்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. அவர் கோட்டைப் பகுதியில் வேறொரு ஆபீசில் கிளார்க், யூனியன்காரர். அவர்கள் ஆபீசுக்கு அதே மாதிரி ஒரு மெஷின் வரப்போகிறது என்று பேச்சு வந்து, வரக்கூடாது என்று எல்லோரும் சட்டையில் கருப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு போய்க்கொண்டிருந்த நேரம். மகள் செய்வது டைப்பிங் மாதிரி ஏதோ ஒன்று என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"நான் அந்தச் சவத்த வாசலுக்குள்ள விடாதீங்கன்னு கோஷம் போட்டுட்டு நிக்கேன். எம் பொண்ணு உள்ள உக்காந்து அதுக்குத் தீனி போடுதா. நாளைக்கு யூனியன் ஆளுங்க மூஞ்சில எப்படி முழிக்க?"

"அது கணக்குப் போடுத மெஷினுப்பா. யார் சோத்தையும் திங்காது" என்றாள் அக்கா.

"எஞ் சோத்தத் திங்கும். அது போடுத கணக்குதானே நான் போடுதேன்?"

அம்மா தட்டில் சோறு வைத்துக்கொண்டே பேசினாள். சண்டையானாலும் எங்கள் வீட்டில் பரிமாறுவது நிற்காது.

"அவரு கட்சிய விடு. உனக்கு நாள்பட நிக்கது எதுன்னு பாரு. மனுசனுக்குச் சீக்கு வாறது என்னைக்காவது நிக்குமா? அது வாற வரைக்கும் டாக்டருக்குச் சோறு உண்டு. மெஷினு அப்படியா? இன்னைக்கு இது, நாளைக்கு வேற. பத்து வருசத்துல குர்லா பங்கார்காரன்ட்ட பழைய இரும்பா எடைக்குப் போட்டுருவான். அதோட நீ படிச்சதும் எடைக்குப் போயிரும்."

"புது மெஷின் வந்தா அதையும் படிச்சிக்கிடுவேன்."

"சாகுற வரைக்கும் படிச்சிட்டே இருப்பியோ? டாக்டருக்கு ஒரு தடவ படிச்சாப் போதும். தல நரைக்க நரைக்க மதிப்புக் கூடும்."

"எனக்குப் பிடிச்சது இதும்மா."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "பிடிச்சதா? நேத்து ஒரு டாக்டர் பொண்ணு வந்திருக்கா. உன்னவிட நாலு வயசு கூட இருப்பா. கையில கெடந்த கிளவுஸக் கழத்தித் தரையில போட்டுட்டு, 'சிஸ்டர், உட்டாவ்'ங்கா. குனிஞ்சு எடுக்கேன். எம் பிள்ள வயசு. நான் பிரசவம் பாக்க ஆரம்பிச்சப்ப அவ தொட்டில்ல கெடந்திருப்பா. எனக்குப் பிடிச்சதுன்னா கேட்டாங்க யாரும்?"

 அன்று எனக்கு அது அம்மாவின் கண்டிப்பாகத்தான் தெரிந்தது. இந்த வயதில் யோசித்துப் பார்த்தால், அதற்குப் பெயர் வேறு. எங்கள் வீட்டில் பொறாமைக்காரி நான் ஒருத்தி மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அம்மாவுக்கு டாக்டர்கள்மேல், அப்பாவுக்கு மெஷின்மேல். இரண்டுக்கும் நடுவில் அக்கா மாட்டிக்கொண்டாள்.

எனக்கு எது நடக்க வேண்டும் என்று இருந்தது என்று கேட்பீர்கள். எதுவும் நடக்கக்கூடாது. டாக்டருக்குப் போனால் சால் முழுக்க அவளை டாக்டரம்மா என்று கும்பிடும், நான் தாங்கமாட்டேன். மெஷினுக்குப் போனால் ஆயுள் முழுக்க அவளுக்கு ஏர்கண்டிஷன், அதையும் தாங்கமாட்டேன். ஆனாலும் அக்கா பிடிவாதமாக இருந்தாள். ஆபீசுக்குத்தான் போவேன் என்றாள். திங்கள்கிழமை அப்படியே சொல்லியிருப்பாள், சனிக்கிழமை என்று ஒன்று வராமல் இருந்திருந்தால்.

அரிசித் தட்டுப்பாடு உங்களுக்கு நினைவிருக்கும். ரேஷன் கடையில் வரிசையில் நின்று புழுவைப் பொறுக்கிப் போட்டுவிட்டுத் தின்ற காலம். எங்கள் போதகர் அதற்கு முந்தைய ஞாயிறு பிரசங்கத்திலேயே கண்டித்துச் சொல்லிவிட்டார், கல்யாணத்தில் யாரும் மாப்பிள்ளை பெண்மேல் அரிசி வீசக்கூடாது, ஜனங்கள் பசியோடு இருக்கும்போது அது பாவம் என்று. அரிசி இல்லாமல் எப்படி என்று அத்தை கைபிசைந்தபோது, அக்கா பெருமையாகச் சொன்னாள், "நான் கொண்டாறேன் அத்த." ஆபீஸ் பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு தலையணை உறை நிறையக் கார்டுப் பொட்டு கொடுத்தனுப்பினார்கள். அத்தைக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு நிறம் கடையில்கூடக் கிடைக்காது என்று எல்லோரிடமும் காட்டினாள். எனக்கு மட்டும்தான் அந்தப் பொட்டு என்று நினைத்திருந்தேன். இப்போது எங்கள் கோயில் இருந்த தாராவியில் பாதிப் பேர் கையில் அது இருந்தது. அப்பா மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை, "அந்த மெஷினு கழிச்ச குப்ப எனக்கு வேண்டாம்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

தாராவிக் கோயில் வாசலில் மாப்பிள்ளையும் பெண்ணும் வெளியே வந்தார்கள். பக்கத்தில் வெள்ளை அங்கியில் போதகர். மணி அடித்தது. எல்லோரும் வீசினார்கள். அரிசி என்றால் மேலே போய்க் கீழே விழும். இது காற்றில் திரும்பி முகத்துக்கே வந்தது. கூட்டம் சிரித்துக்கொண்டிருக்கும்போதே போதகர், "ஆண்டவரே!" என்று கத்திக்கொண்டு வலது கண்ணைப் பொத்தினார்.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினாள். "ஐயா, கசக்காதீங்க! கசக்கினாக் கிழிச்சிரும்!"

கோயிலுக்குள் போதகர் உடைமாற்றும் சின்ன அறைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். உள்ளே இருட்டு. அம்மா சோப்புப் போட்டுக் கை கழுவினாள், ஒரு தீக்குச்சி கேட்டாள், யாரோ ஒரு டார்ச் கொண்டு வந்தார்கள். அதை அக்கா கையில் கொடுத்து, "அசையாமப் பிடி" என்றாள். தீக்குச்சியை மேல் இமையின்மேல் வைத்து, இமையை அதன்மேல் மடக்கித் திருப்பினாள். உட்பக்கம் இரத்தச் சிவப்பாக வெளியே வந்தது. பார்த்துக்கொண்டிருந்த பெரிய ஆண்களில் இரண்டு பேர் வெளியே போய்விட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா நாற்காலி கேட்டார். அக்கா கையில் இருந்த டார்ச் வெளிச்சம் மட்டும் போதகரின் கண்ணைவிட்டு இம்மியும் நகரவில்லை. அம்மா சுத்தமான கைக்குட்டை நுனியால் ஒரு தடவை தடவினாள். ரோஸ் நிறத்தில் ஒரு பொட்டு ஒட்டிக்கொண்டு வந்தது.

போதகர் நாற்காலியில் சாய்ந்தபடி, கண்ணில் தண்ணீர் வழிய, அக்காவைப் பார்த்தார்.

"பிள்ளையோட கையப் பாத்தியளா? ஒரு நடுக்கம் இல்ல. இது வைத்தியம் பாக்குத கை. ஆண்டவர் இதக் காட்டுததுக்குத்தான் எங் கண்ணுல குத்தியிருக்காரு."

உங்களில் சபையில் வளர்ந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டாம். எங்கள் ஆட்களுக்குப் போதகர் வாயிலிருந்து அப்படி ஒன்று வந்துவிட்டால் அது தீர்ப்பு. எவ்வளவு கண்டித்துச் சொல்லியும் தீராத விஷயம் ஒரு நொடியில் தீர்ந்துவிட்டது. அம்மா அழுதாள். அத்தை அழுதாள். அப்பாவே, மெஷின் தோற்றதில் அவருக்கு எவ்வளவு நிம்மதியோ, "ஆண்டவர் சித்தம்" என்றார். அந்த அறையில் இருந்த எல்லோரும் அக்காவின் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

நான் சுடுதண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு அவள் காலடியில் நின்றிருந்தேன். அம்மா இமையைத் திருப்பிக்கொண்டிருந்தபோது அவள் முதுகு மறைத்து எனக்கு அக்காவின் கை தெரியவில்லை, முகம்தான் தெரிந்தது. டார்ச்சைச் சரியான இடத்தில் நிறுத்திவிட்டு அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். உதடு உள்ளே இழுபட்டிருந்தது. அம்மா "முடிஞ்சிது" என்று சொன்ன பிறகுதான் திறந்தாள். கை ஆடாமல் இருந்தது ஏனென்றால், அவள் எதையும் பார்க்கவில்லை.

"அவ கண்ண மூடிட்டு இருந்தா!" என்று கத்தினேன். "நான் பாத்தேன்! அவளுக்கு ரத்தம்னா ஆகாது!"

 அம்மா சிரித்தாள், கண்ணீரோடு. "பாத்தியளா, பொறாம புடிச்ச மூதி. இவளுக்கு அக்காவ நாலு பேர் மெச்சிரப்பிடாது."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தை என் கன்னத்தைக் கிள்ளினாள், வலிக்கும்படியாகவே கிள்ளினாள். நான் அக்காவைப் பார்த்தேன். நான் சொன்னது சரி என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அவளை அப்படிப் பார்த்து நானும் பார்த்ததில்லை. குனிந்து கிளவுஸ் எடுத்த அத்தனை நாளும் அந்த ஒரு பார்வையில் முடிந்துபோன மாதிரி இருந்தது.

"சும்மா சொல்லுதாம்மா. நான் பாத்துட்டுதான் இருந்தேன்" என்றாள் அக்கா.

 பொறாமையில்தான் சொன்னேன், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் சொன்னது நிஜம். பொறாமைக்காரி நிஜம் சொன்னால் அதை எந்தக் கோயிலிலும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கல்யாணப் பிரியாணி மட்டன் பிரியாணி. நான் சாப்பிடவில்லை. யாரும் கவனிக்கவுமில்லை.

மழை தொடங்கியது. அக்கா மெடிக்கல் காலேஜில் சேர்ந்தாள். முதல் நாள் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு சாலில் இறங்கியபோது நான் நினைத்தபடியே கீழ்வீட்டு மராத்திக்காரர் எழுந்து நின்றார். "காஷ்மீர்" கிண்டல் அத்தோடு முடிந்தது. பெட்டியில் போட்டிருந்த சுவெட்டரை அம்மா எடுத்து என்மேல் போட்டாள். "இந்தா, இனிமே உனக்குத்தான். இதுக்கும் ஒரு அழுக வேண்டாம்." கை முட்டிக்குக் கீழே வரை தொங்கியது. நான் அதைப் போட்டுக்கொண்டு வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்தேன். மடிப்புக்குள் குளிர் எதுவும் மிச்சமில்லை. நாப்தலின் உருண்டை வாசனைதான் வந்தது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அக்கா நல்ல டாக்டரானாள். முதல் வருஷம் பிணம் அறுக்கும் அறையிலிருந்து வந்து மாதக்கணக்கில் கறி தொடாமல் இருந்தாள். அம்மா, எல்லோருக்கும் அப்படித்தான், சரியாகிவிடும் என்றாள். சரியாகத்தான் ஆனது. கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளப் பழகிக்கொண்டாள். செம்பூரில் அவள் டிஸ்பென்சரி வாசலில் காலையிலேயே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

நான் கணக்கில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டுக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனேன். யாரும் தடுக்கவில்லை. வீட்டுக்கு ஒரு டாக்டர் ஆயிற்று, இரண்டாவது பெண் எங்கே போனால் என்ன? அப்பா ஆபீசிலும் அதற்குள் அந்த மெஷின் வந்துவிட்டிருந்தது. அவர் வேலை போகவில்லை. அது அடித்துத் தள்ளும் காகிதங்களைப் படித்து, அதில் தப்புக் கண்டுபிடித்து, அதைப் பெருமையாக என்னிடமே சொல்வார்.

அம்மா சொன்னதில் பாதி பலித்தது. நான் படித்த ஒவ்வொரு மெஷினும் எடைக்குப் போயிற்று. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து படித்தேன். ஐம்பது வயதில், என் மகன் வயதுப் பையன் ஒருவன், "ஆன்ட்டி, அது பழைய மெத்தட்" என்று என் நாற்காலியைத் தள்ளி உட்கார்ந்தான். எனக்கு நரை வந்தபோது டை அடித்தேன், அக்காவுக்கு நரை வந்தபோது நோயாளிகள் கூடினார்கள். இதற்கும் எனக்கு வயிறு எரிந்தது. அதே சமயம், ஒரு மழைக்காலத்தில் அவள் கையில் ஒரு குழந்தை போய்விட்டது. அவள் என் வீட்டு அடுக்களையில் வந்து உட்கார்ந்திருந்தாள். டீ ஆறிப்போனது. அன்றைக்கு நான் எழுதியிருந்த ப்ரோக்ராமும் தப்பாகி நின்றிருந்தது. மறுநாள் போய்ச் சரி செய்துவிட்டேன்.

இப்போது நாங்கள் இரண்டு பேரும் நெருளில் ஒரே கட்டடத்தில் இருக்கிறோம். நான் முதல் மாடி, அவள் நான்காம் மாடி. நான்காம் மாடிக்குத்தான் காற்று வரும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் என்னிடம் வந்தாள். பன்னிரண்டாவது முடித்தவள், மார்க் நிறைய. அக்காவும் அப்போது என் வீட்டில்தான் இருந்தாள்.

"டாக்டரா, சாஃப்ட்வேரா? லாங் டெர்ம்ல எது நல்லது ஆன்ட்டி? நீங்க ரெண்டு பேரும் பார்த்திருக்கீங்களே" என்றாள்.

"சாஃப்ட்வேர்" என்றாள் அக்கா.

"டாக்டர்" என்றேன் நான்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் எப்படி இருக்கும் என்று கேட்டாள். நான் பெட்டியைத் துழாவி ஒரு பழைய கருப்பு வெள்ளைப் போட்டோவை எடுத்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மெஷின் ரூமில் எடுத்தது. பீரோ பீரோவாக நிற்கும் மெஷின்களுக்கு முன்னால் நான், ஒல்லியாக, கையில் கார்டுக் கட்டோடு.

பெண் மெஷினைப் பார்த்து வாய் பிளந்தாள். அக்கா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போட்டோவை வாங்கினாள். மெஷினைப் பார்க்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. கழுத்தடியில் தெரிந்த ஒற்றை வெள்ளைப் பொத்தானின்மேல் விரலை வைத்தாள்.

"இது என் சுவெட்டர்" என்றாள்.

அவள் குரலில் இருந்ததை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன். என் வீட்டுச் சரக்கு அது, எனக்குத் தெரியாதா? அந்தப் பொறாமை என்னிடமிருந்து அவள் பக்கமாகவே போய்க்கொண்டிருக்கிறது என்று ஆயுள் முழுக்க நினைத்திருந்தேன். என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பெண் போன பிறகு அக்கா கேட்டாள், "மீன் துண்டுக்கு ஒரு வாரம் அழுவியேட்டி. அன்னைக்குக் கோயில்ல மட்டும் ஏன் ஒரு தடவ சொல்லிட்டு விட்டுட்டே?"

"நீயே பொய்யின்னு சொன்னப்புறம், ரெண்டாம் தடவ யார்ட்ட சொல்ல?"

 அவள் எழுந்தாள். போட்டோவை ஒரு வார்த்தை கேட்காமல் தன் பையில் வைத்துக்கொண்டு, லிஃப்ட் ஏறி நான்காம் மாடிக்குப் போய்விட்டாள். அது என் போட்டோ. இன்னும் திருப்பித் தரவில்லை.